மறுபக்கம் சொல்லட்டும்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னட்டக் கேட்டீங்களா அண்ணன்?" என்று கேட்பார். கேட்க எனக்கு இப்போது வழியில்லை. கிண்ணியாவில் அவர் இருந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கட்டார் நாட்டுக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். இல்லை, கண்டியில் தம்பியோடு இருக்கிறார் என்றார் இன்னொருவர். இரண்டையும் நான் நம்பவில்லை. மூன்றாம் ஆள் சொல்வதைக் கேட்டு நம்பக் கூடாது என்று என்னைப் பழக்கியதே அவர்தான். அதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில், அப்போது ஒரு தர்ம வைத்திய நிலையம் இருந்தது. நான் அங்கே மருந்து ஸ்டோர்ஸுக்குப் பொறுப்பு. அவர் எங்கள் நிலையத்துக்கும் இன்னும் நாலைந்து ஒஃபிஸுகளுக்கும் கொம்பியூட்டர் பார்க்க வருகிறவர். வயது முப்பத்தைந்து இருக்கலாம். பாலம் கட்டப்படாத காலம். கிண்ணியாத் துறையில் பாதை ஏறி, அக்கரையில் இறங்கி, பஸ் பிடித்து, நாலு ஆமிச் சென்றியில் பையைத் திறந்து காட்டி, ஒன்பது மணிக்கு எங்கள் வாசலில் நிற்பார். பாதை என்றால் எங்கள் ஊரில் வழி மட்டுமல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகிற மிதவையும் பாதைதான்.

அந்தப் பாதையில் கயிறு பிடிக்கிற மனிதர் ஒருவர் இருந்தார். நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டுக்கொண்டே அவரைப் போட்டு இவர் படுத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

"கடைசிப் பாதை எத்தின மணிக்கு நானா?"

"ஆறு மணிக்கு."

"நான் எத்தின மணிக்கு வரணும்?"

"ஆறுக்குத்தான், தங்கச்சி."

"நான் வராட்டி நீங்க என்ன செய்வீங்க?"

"ஆறு அஞ்சு வரைக்கும் பார்ப்பன். மறுகா அவிழ்த்திடுவன்."

"ஆங், இப்ப சரி. முதல்ல ஆறு எண்டீங்க. ஆறு அஞ்சு எண்டு இப்பதானே தெரியுது."

அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். ஆனால் பின்னாளில் ஒரு சாமானைக் கொடுத்துச் செய்தி சொல்லி அனுப்பினால் ஒரு சொல் சிந்தாமல் கொண்டுவந்து சேர்க்கிற ஒரே மனிதராக அவர்தான் ஆனார்.

எல்லாவற்றிலும் இப்படித்தான். ஒரு ஒஃபிஸுக்கு மின்னஞ்சல் அனுப்பினால், அனுப்பியாயிற்று என்று எழுந்து போக மாட்டார். போன் எடுத்து, "வந்ததா? திறந்தீங்களா? முதல் வரி என்ன?" என்று கேட்பார். மறுமுனையில் இருக்கிறவர் பல்லைக் கடிப்பது எங்களுக்கே கேட்கும். பிரின்டரைத் திருத்தினால் அதிலிருந்து வந்த தாளைத் தான் பார்த்தது போதாது, எங்களில் ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். ஊரில் பாதிப் பேர் அவரை "சந்தேகப் பெட்டி" என்றார்கள். நானும் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது.

ஒரு பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் அனுப்பினார். பெரிய சட்டி ஒன்று, சின்னச் சட்டி ஒன்று. என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது, பத்து வயதிலிருந்து இனிப்பு நீர். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் இன்சுலின் ஊசி. அன்று மாலையே போன் வந்தது.

"சாப்பிட்டீங்களா அண்ணன்?"

நான் இன்னும் மூடியைக்கூடத் திறக்கவில்லை. என் மனிசி கோயிலுக்குப் போயிருந்தாள். அதையெல்லாம் யார் விளக்கிக்கொண்டிருப்பது?

"ஓம் தங்கச்சி, அருமை."

"ரெண்டும்?"

"ரெண்டும்தான். நல்ல இனிப்பு."

பிறகு மெதுவாகச் சொன்னார். "சின்னது பிள்ளைக்கு. அதில இனிப்பே போடல்ல."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து என்னைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. ஒத்துக்கொள்கிறேன், எனக்கு அந்தக் குணம் உண்டு. கேட்கிறவர் மனம் நோகாமல், கதை நீளாமல், எது வசதியோ அதைச் சொல்லிவிடுவேன். கெட்ட நோக்கம் கிடையாது. முப்பது வருசம் ஒஃபிஸில் இருந்தால் வருகிற வியாதி அது.

இனி அவர் கொண்டுவந்த குச்சியின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் நிலையத்தில் இன்சுலின் வைக்கிற பிரிட்ஜ் பின்கட்டிடத்தில் இருந்தது. முன்னால் ஒஃபிஸ், நடுவில் முப்பது அடி வெட்டவெளி முற்றம், அப்பால் ஸ்டோர்ஸ். அதற்கு முந்திய வருசம் அந்தப் பிரிட்ஜ் உள்ளுக்குள் செத்துக் கிடந்தது. வெளியில் பச்சை லைட் மட்டும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. லைட்டைப் பார்த்துவிட்டு நான் ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் போட்டேன். மருந்து அவ்வளவும் வீணாய்ப் போனது. டொக்டர் தலையிலடித்துக்கொண்டு இவரிடம் கேட்டார், ஒஃபிஸில் இருந்தபடியே பிரிட்ஜின் குளிரைப் பார்க்க ஒரு வழி செய்ய ஏலுமா என்று.

"ஏலும்," என்றார் இவர். "ஆனா லைட் வைக்க மாட்டன். லைட் எரிஞ்சா லைட்டுக்குக் கரண்ட் வருது எண்டு மட்டும்தான் கதை."

கொழும்பில் இருந்து இரண்டு சாமான் தருவித்தார். ஒன்று தீப்பெட்டியளவு பலகை. அது பிரிட்ஜுக்குள் இருந்து குளிரை அளந்து சொல்லும், பற்றரியில் ஓடும். மற்றது கொம்பியூட்டரின் யுஎஸ்பி வாயில் செருகுகிற பெருவிரல் அளவுத் துண்டு. அதன் முனையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு அன்ரனா. அந்தத் துண்டைத்தான் அவர் குச்சி என்பார். அதற்குள் இருந்தது ஒரு குட்டி வானொலி. கேட்கவும் செய்யும், பதில் பேசவும் செய்யும்.

அந்த நாளில் அன்ரனா வைத்த சாமானோடு சென்றியைக் கடப்பது என்றால் என்னவென்று, அந்தக் காலத்தில் இந்த ஊரில் இருந்தவருக்குத் தெரியும். நானாக இருந்தால் சோற்றுப் பார்சலுக்குள் ஒளித்திருப்பேன், பிடிபட்டும் இருப்பேன். அவர் அதை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பைக்கு மேலே வைத்து, ஆமிக்காரன் கேட்கும் முன்னமே எடுத்து நீட்டினார். டொக்டரின் கடிதம் மூன்று மொழியில் கையில் இருந்தது. ஆமிக்காரன் கடிதத்தையும் பார்த்தான், அன்ரனாவையும் பார்த்தான்.

"கடிதத்தை நம்ப வேணாம்," என்று சிங்களத்தில் சொன்னாராம். "அதில நம்பர் இரிக்கு. நீங்களே போன் எடுத்துக் கேளுங்க. அவங்க சொல்லட்டும்."

ஒஃபிஸில் போன் அடித்தது. எடுத்தது நான். சிங்களத்தில் ஒரு குரல், ஒரு பெண், ரேடியோ, உங்களுடைய ஆளா என்று கேட்டது. ரேடியோ என்ற சொல்லைக் கேட்டதும் "தெரியாது" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கடவுளாணை. எப்படியோ விழுங்கிவிட்டு, ரிசீவரைக் கொதிக்கிற சட்டி மாதிரி டொக்டரிடம் கொடுத்தேன். அவர் பேசினார். ஆனாலும் இவரை இரண்டு மணித்தியாலம் வெயிலில் இருக்கவைத்துத்தான் விட்டார்கள்.

வந்து சேர்ந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் கேட்டார். "போனை முதல்ல எடுத்தது நீங்கதானே அண்ணன்?"

"ஓம்."

"அப்ப ஏன் டொக்டர் கதைச்சவர்?"

நான் பழைய பைல் ஒன்றைத் தேடுவது போல அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள், குச்சிக்குப் பாடம் ஏற்றுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. வாங்கி வந்தபோது அது ஒன்றுமறியாதது. எந்த எண் அலையில் காது கொடுக்க வேண்டும், என்ன வேகத்தில் பேச வேண்டும், யார் கூப்பிட்டால் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கொம்பியூட்டரில் எழுதி அதற்குள் ஏற்ற வேண்டும். சும்மா செருகினால் ஏறாது. அதன் பச்சைப் பலகையில் எள்ளளவு இரண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவற்றை ஒன்றாகத் தொட்டபடியே செருகினால்தான் குச்சி வாயைத் திறந்துகொண்டு புதுப் பாடத்துக்குக் காத்திருக்கும். தொடாமல் செருகினால் தெரிந்த பழைய பாடத்தையே ஒப்பிக்கும். அவர் முக்காட்டில் குத்தியிருந்த ஊசிகளில் ஒன்றைக் கழற்றி, இரண்டு புள்ளியையும் அதன் முனையால் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செருகுவார். திரையில் ஒரு வரி வரும். ஊசி மறுபடி முக்காட்டுக்குப் போகும். அன்று காலையில் மட்டும் பதினைந்து இருபது தரம் அந்த ஊசி போய்வந்தது.

அலை எண் பிடிப்பது பெரிய பாடாக இருந்தது. பக்கத்துக் கட்டிடத்தில் வெளிநாட்டு நிவாரண ஒஃபிஸ் ஒன்று கம்பியில்லாத இன்டர்நெட் வைத்திருந்தது. அதன் இரைச்சல் குச்சியின் அலைகளில் பாதியை நிரப்பிக்கொண்டிருந்தது. இவர் ஒவ்வொரு எண்ணாக வைத்து, ஒவ்வொன்றிலும் நூறு தரம் பலகையைக் கூப்பிட்டு, எத்தனைக்குப் பதில் வந்தது என்று கொப்பியில் எழுதினார். முகவரி என்று ஐந்து சோடி எழுத்தும் இலக்கமும் இருந்தன. இரண்டு பக்கமும் அது ஒன்றாயிருக்க வேண்டும், ஒரு எழுத்துப் பிசகினாலும் ஒன்றையொன்று தெரியாது. அதை என்னை வாசிக்கச் சொல்லி, தான் திருப்பி வாசித்து, மறுபடி என்னை வாசிக்கச் சொன்னார். எனக்குத் தேநீர் நேரம் தவறிக்கொண்டிருந்தது.

பகல் சாப்பாட்டுக்கு முன் திரையில் பெரிதாக ஒரு 4 விழுந்தது. நாலு பாகை. இன்சுலினுக்குத் தங்கமான குளிர். டொக்டர் கைதட்டினார், தாதிமார் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அவர் தட்டவில்லை. எழுந்து முற்றத்தைக் கடந்து பிரிட்ஜடிக்குப் போனார். அங்கிருந்து சத்தம் வந்தது.

"அண்ணன், இப்ப நான் பலகையக் கையில பொத்திப் பிடிச்சிருக்கன். திரையில என்ன?"

"நாலு."

"இப்ப?"

"நாலுதான்."

"என்ட கை நாலு பாகையா அண்ணன்? நான் உசிரில்லாத மையத்தா?"

திரும்பி வந்து தான் எழுதியதை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. முதல் நாள் வீட்டில் இருந்து திரையைச் சோதித்துப் பார்க்க, சும்மா ஒரு 4 போட்டு எழுதியிருக்கிறார். அதை எடுக்க மறந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் கைதட்டியது அவர் கையால் எழுதிய நாலுக்கு.

"பாத்தீங்களா," என்றார், "என்னையும் நம்பப்படாது."

வேறு யாராவது என்றால் அதை எங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டார்கள். இரகசியமாகத் திருத்திவிட்டுப் போயிருப்பார்கள். நான் நிச்சயமாக அப்படித்தான் செய்திருப்பேன். அந்த நேரம்தான் அந்தப் பெண்மீது எனக்கு உண்மையான மரியாதை வந்தது. மாலை நான்கு மணிக்கு ஊசி கடைசித் தரம் முக்காட்டுக்குப் போனது. அவர் கையில் பொத்தினார், திரையில் 9, 15, 22 என்று ஏறியது. பிரிட்ஜில் வைத்தார், இறங்கியது. தன்னுடைய கண்ணாடி வெப்பமானியையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் பையைத் தூக்கினார்.

ஒரு விசயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. பலகையிடமிருந்து பதில் வராவிட்டால், திரையில் இலக்கம் போய் இரண்டு சின்னக் கோடு விழும். அப்படித்தான் எழுதிவைத்திருந்தார். யாராவது பிரிட்ஜுக்கு முன்னால் நின்றாலே சில நேரம் கோடு விழும். எனக்கோ மணிக்கு ஒரு தரம் பதிவேட்டில் குளிரைக் குறிக்க வேண்டும். பதிவேட்டில் வெற்றிடம் இருந்தால் எனக்கு நித்திரை வராது.

"தங்கச்சி, கோடு விழாமல், கடைசியா வந்த இலக்கமே நிக்கிற மாதிரிச் செய்ய ஏலாதா?"

"ஏலும். செய்ய மாட்டன்."

"ஏன்?"

"பதில் வராட்டி வரல்ல எண்டு சொல்லணும். பொய் சொல்ற பெட்டி ஒண்டு உங்கட ஸ்டோர்ஸில முந்தியே இருந்திச்சிதானே."

பெட்டியைத்தான் சொன்னார். நான் என்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு சண்டை மூண்டது. குடாவுக்குத் தெற்கே மூதூர், தோப்பூர்ப் பக்கம் வெடிக்கத் தொடங்கியது. துறைமுகத்தில் இருந்து ஷெல் போனது. போகிற ஒவ்வொன்றுக்கும் எங்கள் கண்ணாடி யன்னல்கள் நடுங்கின. பாதை நின்றது. ஊரடங்கு போட்டார்கள். டொக்டர் வர ஏலாமல் போனது. நான் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டேன். மனிசியும் மகளும் லிங்கநகரில் வீட்டில்.

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மகளின் மருந்தையும் நிலையத்துப் பிரிட்ஜில்தான் வைத்திருந்தேன். மண்சட்டிக்குள் ஈரத்துணி சுற்றி வீட்டில் வைத்திருந்த போத்தலில் இன்னும் இரண்டு நாளுக்குத்தான் இருந்தது. புதிய போத்தல் இரண்டு பிரிட்ஜில். மற்ற நோயாளிகளுடையது பால் கலந்த மாதிரி இருக்கும். அவளுடையது வேறு வகை, தண்ணீர் போலத் தெளிந்தது, உடனே வேலை செய்வது. நகரத்தில் அந்த வகை எங்கும் இருக்கவில்லை. கொழும்பு மருந்து லொறி வந்து ஏழு நாள், ஒரு கிழமை ஆகிவிட்டது.

அந்த முதல் நாள் காலையில் நான் புத்திசாலித்தனமாக மூன்று வேலை செய்தேன். கரண்ட் போனாலும் தாங்கட்டும் என்று, குளிரைச் சேமித்து வைக்கிற நினைப்பில் பிரிட்ஜின் திருகைக் கடைசிவரை திருகினேன். என் மகளின் இரண்டு போத்தலையும் எடுத்து, பின்சுவரில் உள்ள குளிர்த் தகட்டோடு ஒட்டி, ஆகக் குளிரான இடத்தில் வைத்தேன். மற்றவர்களுடையது முன்தட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். தகப்பன் அல்லவா. பிறகு யன்னலால் சிதறுதுண்டு வந்து பிரிட்ஜில் படாமல் இருக்க, இரும்பு அலுமாரியை இழுத்துவந்து யன்னலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் நிறுத்தினேன். முதுகு பிடித்துக்கொண்டது. நல்ல வேலை செய்தேன் என்ற திருப்தியோடு முற்றத்தைக் குனிந்து ஓடிக் கடந்து ஒஃபிஸுக்கு வந்தேன்.

திரையில் இரண்டு கோடு.

நேவிக்காரர் ஏதோ அலையை மறிக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய், அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. மறுபடி அந்த முற்றத்தைக் கடக்க எனக்குப் பயம். பத்து மணிக்குப் பதிவேட்டைத் திறந்து 4 என்று எழுதினேன். பதினொரு மணிக்கும் 4. அன்று முழுவதும் 4. அடுத்த நாள் காலையிலும் நாலு.

அன்று பத்து மணியளவில், ஒரு நாள் முழுக்கச் செத்துக் கிடந்த போன் அடித்தது.

"அண்ணன், சுகமா? பிள்ளை சுகமா?"

"எல்லாரும் சுகம் தங்கச்சி. நீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ். பிரிட்ஜ் என்ன காட்டுது?"

"நாலு."

"எப்ப பாத்தீங்க?"

"இப்பதான் பார்த்தனான்."

தூரத்தில் வெடிச் சத்தம் அவர் பக்கமும் கேட்டது, என் பக்கமும் கேட்டது.

"அண்ணன், நேற்று முழுக்க நாலா?"

"ஓம்."

"மூணும் இல்ல, அஞ்சும் இல்ல?"

நான் பதிவேட்டை மூடினேன்.

"திரையில என்ன இரிக்கு எண்டு இப்ப வாசிங்க."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை அதட்டியிருக்கிறார்கள். அவர் அதட்டவே இல்லை. அன்று குச்சியின் முகவரியை வாசிக்கச் சொன்ன அதே குரலில் கேட்டார்.

"கோடு," என்றேன். "நேற்றுக் காலமையில இருந்து கோடுதான்."

"போய்ப் பாருங்க. நான் போனை வைக்கல்ல. நீங்க வந்து சொல்லுறவரைக்கும் இங்கதான் இருப்பன்."

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு முற்றத்தில் இறங்கினேன். முப்பது அடி. நடுவில் நிற்கும்போது ஷெல் ஒன்று போனது. நிலத்தில் குந்தினேன். மேசையில் ஒரு ரிசீவர் திறந்து கிடக்கிறது, அதன் மறுமுனையில் ஒருவர் காதை வைத்துக்கொண்டு இருக்கிறார் என்ற நினைப்புத்தான் என்னை எழுப்பிக் கொண்டுபோனது.

பிரிட்ஜைத் திறந்தேன். பின்சுவர் முழுக்க வெள்ளை. மகளின் இரண்டு போத்தலும் தகட்டோடு உறைந்து ஒட்டியிருந்தன. பிடுங்கிக் கையில் எடுத்தேன். என் உள்ளங்கைச் சூட்டில் உருகி, தெளிந்த தண்ணீராக, ஒன்றும் நடக்காதது போல ஆனது. உறைந்த இன்சுலின் செத்த மருந்து என்று எனக்குத் தெரியும். பார்வையில் மட்டும் வித்தியாசம் தெரியாது. அடுத்த நாள் அதை எடுத்துக்கொண்டுபோய் என் பிள்ளைக்குக் கொடுத்திருப்பேன். ஏன் சீனி இறங்கவில்லை என்று கூட்டிக் கூட்டிக் கொடுத்திருப்பேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எத்தனை நோயாளிக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

முன்தட்டில் இருந்த மற்றவர்களின் மருந்து உறையவில்லை. பலகையின் அருகில் ஸ்டோர்ஸ் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், ஒன்று. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். அலையை மறித்து நின்ற அலுமாரியைத் தள்ளினேன். திரும்பி வந்தபோது திரையில் கோடு போய் 1 இருந்தது. ரிசீவரை எடுத்தேன்.

"தங்கச்சி."

"சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். திருகு, அலுமாரி, ஆகக் குளிரான இடம், பதிவேட்டில் எழுதிய நாலுகள். ஒன்றையும் மறைக்கவில்லை. அழுதேன் என்றும் சொல்ல வேண்டும்.

"பிள்ளைக்கு வீட்டில எவ்வளவு இரிக்கு?"

"நாளைக் காலமை வரைக்கும்தான் காணும்."

"மருந்திட பேரைச் சொல்லுங்க. எழுத்தெழுத்தாச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். இரண்டாம் தரம் திருப்பிச் சொல்லும்போது பாதியில் லைன் அறுந்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஊரடங்கை நாலு மணித்தியாலம் தளர்த்தினார்கள். பாதை ஒரே ஒரு நடை ஓடியது. பதினொன்றரைக்கு நிலையத்து வாசலில், கயிறு பிடிக்கிற அந்த மனிதர் ஒரு பிளாஸ்கோடு நின்றார். அதைக் கையில் தருமுன்னம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று ஒப்பித்தார்.

"உள்ளுக்கு ரெண்டு போத்தல். ஐஸ் போடல்ல, ஈரத்துணிதான். ஏத்தக்குள்ள எட்டுப் பாகை. இறக்கக்குள்ள எவ்வளவு எண்டு நீங்க பாக்கணும். நான் எங்கயும் வெயில்ல வைக்கல்ல. சென்றியில ரெண்டு தரம் திறந்தாங்க, ரெண்டு தரமும் நான்தான் மூடினன்." மூச்சு விட்டார். "நாலு தரம் சொல்லவச்சவ, அண்ணன்."

திறந்தேன். துணிக்குள் இரண்டு போத்தலும் அவருடைய அந்தக் கண்ணாடி வெப்பமானியும். பதினொரு பாகை காட்டியது. கிண்ணியாவில் எத்தனை கதவைத் தட்டினார், எந்தக் கடையில் எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டபோதெல்லாம், "கிடைச்சிச்சிதானே" என்று முடித்துவிட்டார்.

சைக்கிளில் லிங்கநகருக்குப் பறந்தேன். வீட்டுக்குள் காலை வைக்கிறேன், மனிசி சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள், மகள் வாடிப்போய்க் கதிரையில் இருக்கிறாள். பிளாஸ்கை மேசையில் வைக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"அண்ணன், சாமான் வந்ததா?"

"வந்தது தங்கச்சி. பதினொன்று காட்டினது."

"பதினொண்டு. நல்லது. பிள்ளைக்குப் போட்டாச்சா?"

மருந்து இன்னும் பிளாஸ்குக்குள்ளேயே இருந்தது. ஆனால் கையில் வந்துவிட்டது, இன்னும் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவோம். அவர் இரண்டு நாளாக எங்களுக்காக அலைந்தவர். போன் எந்த நேரமும் அறுந்துவிடும். அவருடைய மனம் ஆறட்டுமே.

"போட்டாச்சு," என்றேன்.

முந்திய நாள் அழுத வாய்தான் அது.

"பிள்ளையிட்டக் குடுங்க," என்றார்.

மகள் வாங்கினாள். "ஓம் அன்ரி... இல்லை, இன்னும் போடயில்லை. அப்பா இப்பதான் வந்தவர்... ஓம்... ஓம், சரி."

ரிசீவரை வைக்காமல் மேசையில் சாய்த்துவைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். மனிசியும் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மகள் கை கழுவி, போத்தலை எடுத்து, ஊசியில் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் குமிழியைத் தட்டி, சட்டையைத் தூக்கி வயிற்றில் தானே போட்டுக்கொண்டாள். அவ்வளவு நேரமும் மேசையில் கிடந்த ரிசீவரில் இருந்து கிண்ணியாப் பள்ளிவாசலின் நண்பகல் லுஹர் பாங்கு மெல்லியதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் வைக்கவும் இல்லை.

பாங்கு முடிந்ததும் மகள் ரிசீவரை எடுத்தாள்.

"அன்ரி, போட்டிட்டன்."

மறுபக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மகள் சிரித்தாள், மூன்று நாளைக்குப் பிறகு. பிறகு போனை வைத்தாள்.

"என்ன சொன்னவா?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கும் சோறு போடச் சொன்னவா," என்றாள். "சாப்பிட்டவரோ எண்டு பின்னேரம் என்னட்டத்தான் கேப்பாவாம்."